வராதவர்களைக் கேட்ட நோட்டம்மா

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய குடும்பத்து மனிதர்கள் சாந்தோமில் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வரும்போது என்னைப் பார்த்துவிட்டால், “என்ன கம்பவுண்டர் சார், சௌக்கியமா?” என்று நின்று விசாரிக்கிறார்கள். கேட்கிற ஒவ்வொரு தடவையும் நான் அவசரமாக நடையைக் கட்டுகிறேன். கடற்கரை மீனவக் குப்பத்து ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் நோட்டம்மா. எந்த நேரமும் கையில் ஒரு நீள நோட்டுப் புத்தகம் இருந்ததால் வந்த பெயர். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

இரண்டாவது யுத்த காலம் அது. மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் கட்டிலையும் மெத்தையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டாக்டருக்கு ஓர் அறை, மருந்து கலக்க எனக்கு ஓர் அறை, வெளியே ஜனங்கள் நிற்க ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். என் அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே பலகை அடித்து, இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டியிருந்தார்கள். அதன் வழியாக எனக்கு மனிதர்களின் முகம் தெரியாது. கை தெரியும், கையில் இருக்கும் பாட்டில் தெரியும். அவர்களுக்கும் என் முகம் தெரியாது. என் குரல் மட்டும் நன்றாகக் கேட்கும்.

பாட்டில் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மிக்ஸ்சர், அதாவது தண்ணீர் மருந்து, வேண்டுமானால் நோயாளி தன் பாட்டிலைக் கொண்டுவர வேண்டும் என்பது எல்லா இடத்திலும் இருந்த வழக்கம். யுத்தத்தில் பாட்டில் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. ஒரு தெருவுக்கே ஒரு பாட்டில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் மருந்து, சாயங்காலம் மண்ணெண்ணெய், மறுநாள் மீன் எண்ணெய். அதையே கழுவியும் கழுவாமலும் என் ஜன்னலில் நீட்டுவார்கள். நான் வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். வாடை வந்தால் மருந்து ஊற்ற மாட்டேன். இதில் தப்பொன்றும் இல்லை, சுத்தம் சுத்தம்தானே. ஆனால் நான் சும்மா திருப்பிக் கொடுக்கிற ஆளா? ஏதாவது ஒன்றைச் சொல்லுவேன். வரிசையில் நிற்கிறவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இத்தனை வருஷம் கழித்து இதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

மருந்து ஊற்றியதும் பாட்டிலின் மேல் டோஸ் அளவுக்கு ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். காகிதத்தை நீளமாக நறுக்கி, மடித்து, ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, பசை தடவி ஒட்டினால், ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. காகிதத்துக்கும் அப்போது பஞ்சம். டாக்டர் தன் மேஜையில் சேருகிற வேண்டாத தாள்களை வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் தள்ளிவிடுவார். ஒரு பக்கம் எழுதி, மறுபக்கம் வெறுமையாக இருக்கும். வெறும் பக்கம் வெளியே தெரிய ஒட்டிவிடுவேன். எழுதின பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே கிடையாது.

நோட்டம்மாவுக்கு அப்போது நாற்பது வயசு இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, காலில் கான்வாஸ் பூட்ஸ். வலது கை நடுவிரலில் அழியாத மைக்கறை. ஏதோ ஒரு சேவா சங்கம் அவரைச் சுகாதார வேலைக்கு வைத்திருந்தது. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை பார்க்க வேண்டும், நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதுதான் உத்தியோகம். அதற்கு மேல் அவர் ஒரு வேலை செய்தார். அதை அவரை யாரும் செய்யச் சொல்லவில்லை.

எங்கள் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்து, ஒரு தடவை வந்துவிட்டு மறுபடி வராதவர்கள் பெயரை எல்லாம் எழுதிக்கொள்ளுவார். நோயாகக் கிடந்தும் வரவே வராதவர்களைத் தெருவில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுவார். பிறகு குடையை விரித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய், “ஏன் வரலை?” என்று கேட்பார்.

“வந்தவாளைக் கேட்டாலாவது மருந்து எப்படி இருக்குன்னு சொல்லுவா. வராதவாளைப் போய்க் கேட்டு என்ன ஆகணும் உங்களுக்கு?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“வந்தவங்கதான் வந்துட்டாங்களே, அவங்களைப் பத்தி எனக்கென்ன கவலை?” என்றார்.

அவர் கேட்கிற தினுசே தனி. போனதும் கேட்க மாட்டார். வாசலில் உட்கார்ந்து, “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்பார். எந்த வீடானாலும் வாங்கிக் குடிப்பார். ஊர்க்கதை பேசுவார். அப்புறம்தான் கேள்வி. சொல்லுகிற பதிலை அப்படியே எழுதிக்கொண்டு, மை காய வாயால் ஊதிவிட்டு எழுந்து வந்துவிடுவார். அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்பார். மூன்றாவது வாரமும் கேட்பார்.

“முதல்ல சொல்றது நமக்காகச் சொல்றது. ரெண்டாவது அவங்க கௌரவத்துக்காகச் சொல்றது. மூணாவது தடவைதான் காரணம் வெளியே வரும். அதுக்கு முன்னாடி வர்றதெல்லாம் வெறும் பதில்” என்பார். எதை யார் சொன்னாலும், “அது பதில், காரணத்தைச் சொல்லுங்க” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கேலி இருக்காது. அதனாலேயே எனக்கு எரிச்சலாக வரும்.

மாம்பலத்தில் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் வீடு. தியாகராய நகர் புதிதாக முளைத்துக்கொண்டிருந்த சமயம், தோட்டமும் போர்ட்டிகோவுமாகக் கட்டிய பங்களா. அங்கே வீட்டு எஜமானர் இருமிக்கொண்டே இருக்கிறார், எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. இத்தனைக்கும் எங்கள் டாக்டர் அந்தப் பக்கம்தான் சொந்தமாக வைத்தியம் பார்த்தார். நோட்டம்மா போய்க் கேட்டார். “ஜலதோஷம்தான், கஷாயம் குடிக்கறார்” என்றாளாம் வீட்டு அம்மாள். அடுத்த வாரம், “அவருக்கு இங்கிலீஷ் மருந்திலே நம்பிக்கை இல்லே” என்றாளாம். மூன்றாவது வாரம் அந்த அம்மாள் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். வாசலில் டாக்டர் கார் ஒருநாள் நின்றால் போதும், க்ஷயம் என்று ஊரெல்லாம் பரவிவிடும், பெண்ணை யார் கட்டுவான்? கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு அப்பா இல்லை.

இதை என்னிடம் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “படிச்சவாளுமா இப்படி?” என்றேன். அவர் நோட்டை மூடினார்.

எங்கள் டாக்டருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நல்ல மனுஷர்தான், கைராசிக்காரர். ஆனால், “ஜனங்களுக்கு அறிவு போதாது, அதனால்தான் வருவதில்லை” என்பது அவருடைய முடிவான கட்சி. “அது உங்க பதில் டாக்டர்” என்று நோட்டம்மா நேருக்கு நேர் சொல்லிவிட்டார். டாக்டருக்கு முகம் சிவந்துபோயிற்று. “எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள். என் ஆஸ்பத்திரி ஆட்களிடம் நேராகப் போய் எந்தக் குறையும் சொல்லக்கூடாது” என்று கண்டிப்பாகச் சொன்னார். அன்றிலிருந்து நோட்டம்மா மாசாமாசம் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். அதுவும் தமிழில்.

“தமிழ்லே எழுதினா அது ரிப்போர்ட்டா? மருந்துக்காவது நாலு வார்த்தை இங்கிலீஷ் வேண்டாமா?” என்று டாக்டர் என்னிடம் சிரித்தார்.

நான் அதைப் போய் நோட்டம்மாவிடம் சொன்னேன். கோள் சொல்லுவதில் எனக்கு ஒரு சந்தோஷம். அவர், “அவங்க சொன்ன வார்த்தையை இங்கிலீஷ்ல மாத்தினா அது என் வார்த்தையாயிடும். அவங்க குரல் டாக்டர் காதுல விழணும்” என்றார்.

இன்னொன்று. என் சம்சாரத்துக்கு ஒரு தடவை விஷ ஜுரம். என் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்க, அவள் லஸ் பக்கம் ஒரு நாட்டு வைத்தியரிடம் போய்ச் சூரணம் வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு எவ்வளவு அவமானம்! நோட்டம்மா எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. “என்ன காரணம் சொன்னா?” என்று கேட்டேன். நோட்டம்மா என் முகத்தை ஒரு தினுசாகப் பார்த்தார். என் சம்சாரம் உள்ளே இருந்தே, “நீங்க ஜன்னலண்டை கத்தறது தெருக்கோடி வரைக்கும் கேக்கறது. அந்த வரிசையிலே நான் வேறே வந்து நிக்கணுமாக்கும்?” என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். மடையன்.

அதற்குப் பிறகு நோட்டம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ரிஜிஸ்டரை வாங்குவார், எழுதுவார், போய்விடுவார். ஏதோ மனஸ்தாபம், பெரிய இடத்துப் பழக்கம் வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாசி மாசம் ஒருநாள். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலில் நோட்டம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். குடையைக்கூட விரிக்கவில்லை. கையில் டாக்டர் எழுதிய சீட்டு.

“குப்பத்துல அஞ்சலைன்னு ஒரு பொம்பளை. அவளோட சின்னக் குழந்தைக்குத் தொண்டை அடைப்பான். உள்ளே வெள்ளையாப் படிஞ்சிருக்கு, மூச்சு இழுக்குது. நேத்திலிருந்து கெஞ்சறேன், இங்கே தூக்கிட்டு வரமாட்டேங்கறா. டாக்டர் மாம்பலத்துல இருக்கார், ஓடிப்போய்ச் சொன்னேன். சீரம் ஊசியை எடுத்துட்டு உங்களைப் போகச் சொல்லியிருக்கார்.”

“ஏன் வரமாட்டாளாம்?”

“அப்புறம் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு. அங்கே வந்து நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. எது வேணும்னாலும் எனக்குச் சைகை காட்டுங்க. ஊசி போட்டு முடிச்சு, வெளியே மணலுக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீன்காரிகளுக்கு ஏதோ குருட்டு நம்பிக்கை போலிருக்கிறது, அன்னியன் பேசினால் தோஷம் என்று நினைக்கிறார்களாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு இறங்கினால் கடல். மணல் தகித்தது. இத்தனை வருஷம் கூப்பிடு தூரத்தில் வேலை பார்த்திருக்கிறேன், அந்தக் குப்பத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அஞ்சலைக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது. குடிசை வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வயசுக் குழந்தை. கழுத்து வீங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவெல்லாம் உள்வாங்கியது.

“இவுரு யாரு நோட்டம்மா?”

“ஊசி போட வந்திருக்காரு. நல்லவரு.”

“வாங்க சாமி, இப்புடி நெயல்ல குந்துங்க. எம்மாம் வெயில்ல வந்துகினு இருக்கீங்க” என்று, அந்த நிலைமையிலும் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். நான் தயங்கினேன். எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசாரமெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. நோட்டம்மா என்னைப் பார்த்தார். வாங்கி மடமடவென்று குடித்துவிட்டேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. தண்ணீர் குடித்ததும் எனக்கு என்னைப் பற்றியே ஒரு பெருமை வந்துவிட்டது. ஆகா, நானும் எப்பேர்ப்பட்ட பரந்த மனசுக்காரன்! ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, சத்தியத்தை மறந்து, ஆதரவாக இரண்டு வார்த்தை சொன்னேன்.

“குழந்தையை இப்படித் திருப்பி மடியிலே போட்டுக்கோடீம்மா. பயப்படாதே, ஒண்ணும் ஆகாது.”

அஞ்சலையின் முகம் சட்டென்று வெளிறியதைக் கண்ணால் பார்த்தேன். குழந்தையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர் வரைக்கும் நகர்ந்துவிட்டாள்.

“ஐயோ, இந்தக் கொரலு!” என்றாள். “நோட்டம்மா, இன்னா வேல பண்ணிட்டே! இந்தாளையா என் வூட்டுக்குக் கூட்டியாந்தே? ஜன்னலாண்ட கத்தறது இந்தாளுதானே?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“போன ஐப்பசில மூத்ததுக்கு வயித்தால போய்கினு இருந்துச்சி. இடுப்புல தூக்கிகினு ஓடியாந்தேன். வூட்ல இருந்தது ஒரே பாட்லு. அத்த நீட்னேன். நீ மோந்து பாத்துட்டு இன்னா சொன்னே? ‘இதுலே மருந்தை ஊத்தினா வஞ்சிரம்னா நீந்தும்’ன்னே. அல்லாரும் சிரிச்சாங்க. கொயந்தையும் சிரிச்சிது, அதுக்கு இன்னா தெரியும்? தெருக் கொயாவுல தண்ணி புடிக்கக் கூட்டமா கீது. நான் பாட்ல கய்விகினு வர்றதுக்குள்ள ஜன்னல சாத்திகினு பூட்டே. தட்டினேன். ‘நாளைக்கு வா’ன்னே. பொயுது சாயறதுக்குள்ள கொயந்த பூட்ச்சி.”

பகவானே, அந்தப் பெண்ணை எனக்கு ஞாபகம் இல்லை. கையை ஞாபகம் இல்லை. கதவைத் தட்டியது ஞாபகம் இல்லை. வஞ்சிரம் ஜோக் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது என் சம்சாரத்திடம் அதைச் சொல்லிச் சிரித்ததுகூட ஞாபகம் வந்தது.

குழந்தை மூச்சுக்குத் திணறிற்று. நோட்டம்மா மண்டியிட்டு உட்கார்ந்து அஞ்சலையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “அஞ்சலை, அவரை நாளைக்குத் திட்டிக்கலாம். இதுக்கு நேரம் இல்லை” என்றார்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“போட்டுட்டுப் போவட்டும்” என்றாள். “ஆனா வாயத் தொறக்கக் கூடாது. இன்னொரு வாட்டி அந்தக் கொரலு என் காதுல வியக்கூடாது.”

போட்டேன். என் வாழ்நாளில் எத்தனையோ ஊசி போட்டிருக்கிறேன், அந்த ஊசியைப் போல ஒன்றும் கனத்ததில்லை. பிறகு ஓரமாகப் போய்க் கைகட்டி நின்றேன். கட்டிப் போட்ட மாதிரி நாக்கு மடங்கிக் கிடந்தது. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மூச்சு அப்படியேதான் இருந்தது, ஆனால் மோசமாகவில்லை. அந்தக் குழந்தை பிழைத்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே மேலே எழுத ஓடாது.

கிளம்பும் சமயம், சுவர் மாடத்தில் ஒரு பாட்டில் இருந்ததை நோட்டம்மா பார்த்தார். அதே பாட்டில்தான், அஞ்சலை காட்டினாள். அதில் என் கையால் ஒட்டிய பழைய டோஸ் சீட்டு இன்னும் இருந்தது. அந்த ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை அவள் புருஷனுக்கு மருந்து வாங்கிப் போனதாம். நோட்டம்மா பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெறும் கண்ணாடி, அதனால் சீட்டின் உள்பக்கம் எதிர்ப்புறம் வழியாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது.

“இது என் கையெழுத்து” என்றார்.

நானும் பார்த்தேன். குறுக்கே வெட்டுப்பட்ட எழுத்துகள். ‘ன்னு சிரிக்கிறாங்க, அதான்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே பாதி வரி.

மணலுக்கு வந்த பிறகு அவர் நின்றார். வெயிலில் அவர் முகம் வெளுத்துக் கிடந்தது. “நான் டாக்டருக்கு எழுதிக் குடுத்த தாளெல்லாம் உங்ககிட்டேயா வந்தது?”

தலையை ஆட்டினேன்.

“ஜன்னலைப் பத்தி எத்தனை தடவை எழுதியிருக்கேன். குப்பத்துல பாதிப் பேர் சொன்ன காரணம் அதுதான். டாக்டர் உங்ககிட்டே சொல்லியிருப்பார்னு நினைச்சேன். சொல்லியும் நீங்க அப்படியே இருக்கீங்கன்னு நினைச்சேன். அதனாலதான் உங்களோட பேச்சையே விட்டேன். நீங்க என்னடான்னா அதை வெட்டி…” கடல் பக்கம் திரும்பினார். பிறகு, எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டார். “ஏன் படிக்கலை?”

“வரிசையிலே நூறு பேர் நிக்கறா. மருந்து கலக்கவே ரெண்டு கை போதலே. படிக்க எங்கே நேரம்?” என்றேன்.

“அது பதில்” என்றார். குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மேஜை இழுப்பறையில் மீதமிருந்த தாள்களை எல்லாம் எடுத்து உட்கார்ந்து படித்தேன். எல்லாம் அவர் கையெழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று தேதி, மூன்று பதில். முதல் பதில்களெல்லாம் நாள் நன்றாக இல்லை, புருஷன் கடலுக்குப் போயிருக்கிறான், வேலை செய்கிற வீட்டில் லீவு கிடையாது. மூன்றாவது பதில்களில் திரும்பத் திரும்ப நான் இருந்தேன். என் பேர் எங்கேயும் இல்லை. ஜன்னல், ஜன்னல் என்றுதான் எழுதியிருந்தார். ஆபீசில் என் பேர் கெட்டுவிடக்கூடாது என்று நினைத்தாரோ, ஆளை மாற்றினால் அடுத்த ஆளும் மோந்துதான் பார்ப்பான் என்று நினைத்தாரோ, தெரியாது.

மறுநாள் தச்சனை அழைத்து அந்தப் பலகையை எடுக்கச் சொன்னேன். டாக்டர் குதித்தார், நானும் பதிலுக்குக் குதித்தேன், கடைசியில் விட்டுவிட்டார். ஒரு அண்டாவில் சோடாவுப்புப் போட்டு வெந்நீர் வைத்தேன். எந்தப் பாட்டில் வந்தாலும் நானே கழுவி ஊற்றினேன். மோந்து பார்க்கும் வழக்கம் அன்றோடு போயிற்று. குப்பத்திலிருந்து ஒருத்தர் இருவராக வர ஆரம்பித்தார்கள். அஞ்சலை மட்டும் கடைசிவரைக்கும் வரவில்லை. அவளுக்கு வேண்டிய மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரிதான் வாங்கிப் போனாள். பாட்டிலை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் நான் பேச மாட்டேன். அந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும்.

நோட்டம்மா அடுத்த வாரம் வந்தார். பலகை போன இடத்தைப் பார்த்தார். ரிஜிஸ்டரை எழுதி முடித்துவிட்டுக் கேட்டார். “ஏன் படிக்கலை?”

“டாக்டர் வேண்டாத காகிதம்னு சொல்லிக் குடுத்தார். பெரியவா வேண்டாம்னு தள்ளினதை நான் ஏன் படிக்கப் போறேன்?”

“இதுவும் பதில்தான்” என்றார். ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் சிரித்தார்.

மூன்றாவது தடவைக்கு நான் காத்திருந்தேன், பயந்துகொண்டே காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. சித்திரையில் சங்கம் அவரை வடக்கே ஏதோ ஜில்லாவுக்கு மாற்றிவிட்டது. சொல்லிக்கொண்டு போக வந்தார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். நோட்டைப் பிரித்தார், பேனாவைத் திறந்தார், என்னைப் பார்த்தார்.

“ஏதாவது சொல்லணுமா கம்பவுண்டர்?”

“ஒண்ணுமில்லே. சௌக்கியமாப் போயிட்டு வாங்கோ” என்றேன்.

எழுதாத பக்கத்தின் மேல் பழக்கதோஷத்தில் ஒருமுறை ஊதினார். பேனாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவர் காலமான செய்தியை அவருடைய மனிதர்கள்தான் சொன்னார்கள்.

எழுதின பக்கத்தை நான் பார்த்ததே இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? அதுவும் பதில்தான்.

ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஆவணி மாசம். அஞ்சலையின் மூத்தது போவதற்கு இரண்டு மாசம் முன்னால். கத்தரியை எடுத்துத் தாளைத் திருப்பும்போது ‘ஜன்னல்’ என்கிற சொல் கண்ணில் பட்டது. படித்தேன். ‘பாட்டில மோந்து பாத்துட்டு எங்க ஜனத்த சொல்லிச் சிரிக்கிறாரு. கொயந்த செத்தாலும் அந்த ஜன்னலுக்குப் போவ மாட்டோம்.’ முழுசும் படித்தேன், இரண்டு தடவை படித்தேன். யாரைப் பற்றி என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. காதெல்லாம் சுட்டது. ‘இந்தப் பொம்மனாட்டிக்கு இருக்கிற திமிரைப் பார்’ என்றுதான் தோன்றிற்று, வேறொன்றும் தோன்றவில்லை. அந்தத் தாளைச் சின்னச் சின்னதாக நறுக்கி, பல் வெட்டி, அன்றைக்கு வந்த பாட்டில்களில் எல்லாம் ஒட்டினேன். வழக்கத்தைவிட நாலு ஜோக் கூடவே சொன்னேன். அதற்கப்புறம் வந்த தாள்களை வேண்டுமென்றேதான் படிக்கவில்லை.

இதுதான் காரணம், நோட்டம்மா. எழுதிக்கொள்ளுங்கள்.